சுரங்கத்திலிருந்து வந்த பயிற்சியாளர்

(மில் தொழிலாளர் படிப்பகத்தில், கால்பந்துக் குழு இளைஞர்களின் கூட்டத்தில் பேசியது)



நான் பந்தாட்டக்காரனல்ல. பள்ளியில் படித்த காலத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, வெளியே போகிற பந்தைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தவன். அவ்வளவுதான் என் தகுதி. ஆனால் ஒரு மாதமாக உங்கள் குழுவில் நடக்கிற வழக்கைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. "அவன் எனக்குப் பாஸ் கொடுக்கவில்லை" என்கிறார் ஒரு தம்பி. "அவன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை" என்கிறார் இன்னொரு தம்பி. மில் லைன் பையன்கள் ஒரு பக்கம், காலனித் தெருவிலிருந்து வருகிற விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் ஒரு பக்கம் என்று இரண்டு கட்சியும் ஆகிவிட்டது. "தோழர், வந்து பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார்.

சங்க வழக்கென்றால் எனக்கு வழி தெரியும். பந்து வழக்கில் நான் என்ன தீர்ப்புச் சொல்வேன்? ஆகவே ஆட்டத்தைக் கரைத்துக் குடித்த ஒருவரைத் துணைக்கு அழைத்து வந்திருக்கிறேன். அவர் பெயர் பில் ஷாங்க்லி. ஸ்காட்லாந்துக்காரர். இங்கிலாந்தின் லிவர்பூல் குழுவுக்கு 1959 டிசம்பர் முதல் 1974 ஜூலை வரை மானேஜராக இருந்தவர். அங்கே மானேஜர் என்றால் கணக்குப் புத்தகம் பார்க்கிறவரல்ல. ஆட்டக்காரரைத் தேடிப் பிடிப்பதும், பயிற்சி கொடுப்பதும், யார் ஆடுவது யார் உட்காருவது என்று முடிவு செய்வதும் அவர் வேலைதான். 1976-ல் தம் வாழ்க்கையைப் புத்தகமாகவும் சொல்லியிருக்கிறார். 1981-ல் காலமானார். அவர் என்ன நினைத்தார், எப்படி நடந்துகொண்டார் என்று சொல்கிறேன். பிறகு உங்கள் வழக்கை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஷாங்க்லி 1913-ல் க்ளென்பக் என்ற ஊரில் பிறந்தார். ஊர் என்று சொல்வதே அதிகம். நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி எழுந்த சில தெருக்கள். வீட்டில் பத்துப் பிள்ளைகள். ஐந்து ஆண், ஐந்து பெண். ஐந்து ஆண் பிள்ளைகளும் சம்பளத்துக்குப் பந்தாடுகிற ஆட்டக்காரர்களானார்கள். அவர்கள் வீடு மட்டுமல்ல, அந்தச் சின்ன ஊரே அப்படி. பல வருஷங்களில் சுமார் 50 பேர் அங்கிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் போனார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். என்ன மாயம் என்று கேட்பீர்கள். மாயமில்லை. சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து உதைத்து வெளியேற வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

14 வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்துக்குப் போனார் ஷாங்க்லி. முதலில் மேலே வேலை, கரியிலிருந்து கல்லைப் பொறுக்குவது. பிறகு கீழே, கரி வண்டிகளைத் தள்ளுகிற இடத்தில். இருட்டு, எலி, கரித்தூள். தின்கிற ரொட்டியில் கரி, வீட்டுக்கு வந்து குளித்தாலும் போகாத கரி. ஒரு நாள் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். வேலையில்லாமல் சில மாதம் திரிந்தார். 1932-ல் கார்லைல் என்ற சிறிய குழு அவரை எடுத்துக்கொண்டது. மறுவருஷம் பிரெஸ்டன் குழுவுக்குப் போனார். 1938-ல் பிரெஸ்டன் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தபோது ஆடியவர்களில் அவரும் ஒருவர். அவருடைய க்ளென்பக் இன்று ஊராக இல்லை. சுரங்கம் போயிற்று, வீடுகளும் போயின.

ஒன்றைக் கவனியுங்கள். ஷாங்க்லி மட்டும் இப்படியல்ல. மான்செஸ்டர் யுனைட்டெட் குழுவை வளர்த்த மாட் பஸ்பி சுரங்கத் தொழிலாளி. 1967-ல் செல்டிக் குழுவுக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்த ஜாக் ஸ்டீன் சுரங்கத் தொழிலாளி. அந்த செல்டிக்கில் ஆடிய 11 பேரும் கிளாஸ்கோ நகரைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்த பையன்கள். ஸ்காட்லாந்தின் கரி வயல்களிலிருந்து வந்த இந்த மூவரும் பந்தாட்டப் பயிற்சிக்கு ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பூமிக்கு அடியில் வேலை செய்கிறவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் யார் என்பது முக்கியம். அவன் முட்டுக்கட்டையைச் சரியாக வைக்காவிட்டால் இவன் தலைமேல் மண் விழும். இந்தப் பாடத்தை அவர்கள் மைதானத்துக்கு எடுத்து வந்தார்கள்.

சம்பளக் கதையையும் சொல்லிவிடுகிறேன்; சங்கத்துக்காரன் வேறெதைச் சொல்வான்! ஷாங்க்லி ஆடிய 1930-களில், எவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்கும் வாரத்துக்கு 8 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி. ஆட்டமில்லாத கோடை மாதங்களில் 6 பவுண்டு. மைதானம் நிறைய ஜனம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்கள், வசூல் முதலாளிமாருக்குப் போகும். இன்னொரு விதி இதைவிட மோசம். ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய குழு விடுவித்தால்தான் வேறு குழுவுக்குப் போக முடியும். தஞ்சைப் பக்கத்தில் பண்ணையாள் முறையை அனுபவித்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆட்டக்காரர் சங்கம் ஜிம்மி ஹில் என்பவர் தலைமையில் வேலைநிறுத்தத்துக்கு ஓட்டெடுத்தது. 1961 ஜனவரியில் சம்பள வரம்பு உடைந்தது. அப்போது அது 20 பவுண்டாக இருந்தது. 1963-ல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற ஆட்டக்காரர் போட்ட வழக்கில் அந்த இரண்டாவது விதியும் செல்லாதென்று நீதிபதி சொன்னார்.

அந்தப் போராட்டத்தில் ஒரு வேடிக்கை. மான்செஸ்டரில் கூட்டம் நடக்கிறது. ஓர் ஆட்டக்காரர் எழுந்து, "என் தகப்பனார் சுரங்கத்தில் உழைக்கிறார். அவர் வாங்குவதைவிட நாம் அதிகம் வாங்குகிறோம். இது போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விபோல்தான் இருக்கிறது. பதில் சொன்னவர் போல்ட்டன் குழுவின் டாமி பேங்க்ஸ். அவரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "உன் தகப்பனார் ஷிப்டை நாளைக்கு நான் பார்க்கிறேன். அவர் சனிக்கிழமை வந்து, 30,000 பேர் முன்னால் ஸ்டான்லி மாத்யூஸைத் தடுத்து நிறுத்தட்டும்" என்ற கருத்தில் பேசினார். கூட்டம் சிரித்தது, ஓட்டும் விழுந்தது. கைத்திறன் இருக்கிற தொழிலாளிக்கு நம் மில்களிலும் இதே பேச்சுத்தான் பேசுகிறார்கள். "வெயிலில் களை எடுக்கிறவன் வாங்குவதைப் பார், உனக்கு என்ன குறை?" என்பார்கள். களை எடுக்கிறவருக்குக் கூலியை உயர்த்தப் போகிறார்களா? அதுதான் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 1959-ல் ஷாங்க்லி போய்ச் சேர்ந்தபோது லிவர்பூல் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. அந்த வருஷம் ஜனவரியில் லீக்கிலேயே இல்லாத ஒரு குழுவிடம் கோப்பை ஆட்டத்தில் தோற்றிருந்தது. பயிற்சி மைதானம் புல் மண்டிக் கிடந்தது. புது மானேஜர் வந்தால் பழைய ஆட்களை வெளியே தள்ளுவதுதான் வழக்கம். ஷாங்க்லி பழைய பயிற்சியாளர்களை அப்படியே வைத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை போட்டார். ஒருவரைப் பற்றி இன்னொருவர் என்னிடம் கோள் கொண்டு வரக் கூடாது; வந்தால், யாரைப் பற்றிச் சொன்னாரோ அவருக்கல்ல, சொன்னவருக்குத்தான் வேலை போகும் என்றார்.

தோழர்களே, இதை நான் இரண்டு தடவை படித்தேன். கோள் சொல்லியே மேஸ்திரியானவர்களை நாம் எவ்வளவு பேரைப் பார்த்திருக்கிறோம்!

பயிற்சியில் ரோட்டில் ஓட விடுகிற வழக்கத்தை நிறுத்தினார். ஆடுவது புல்லில், ஓடுவது மட்டும் தார் ரோட்டிலா என்று கேட்டார். ஐந்து பேருக்கு ஐந்து பேர், சின்ன மைதானம், சின்ன கோல். தினமும் அதுதான். மரப்பலகைகளை நிறுத்தி வைத்து, ஒரு பலகையில் பந்தை அடித்து, திரும்பி வருவதை நிறுத்தி, அடுத்த பலகையில் அடிக்கச் சொல்வார். மூச்சு வாங்கும். ஆட்டக்காரர் எல்லாரும் ஆன்ஃபீல்டில் உடை மாற்றிக்கொண்டு ஒரே பஸ்ஸில் பயிற்சி மைதானத்துக்குப் போவார்கள், வேர்வையோடு ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள், உடம்பு ஆறிய பிறகு குளிப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள். தினசரி என்ன செய்தோம், யாருக்கு என்ன வலி என்று பயிற்சியாளர்கள் நோட்டில் எழுதி வைத்தார்கள். வேறு ரகசியமில்லை.

ஆட்டத்தைப் பற்றி அவர் சொன்னதும் இவ்வளவுதான். பந்தாட்டம் எளிய ஆட்டம். பந்தை வாங்கு, கொடு, கொடுத்தபின் மறுபடி வாங்குவதற்குத் தோதான இடத்துக்குப் போ. இதைக் கேட்டால் "இது எங்களுக்குத் தெரியாதா?" என்று தோன்றும். தெரியும்; செய்கிறோமா? கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். கொடுத்தபின் போக வேண்டும். பந்து கையில், அதாவது காலில், இல்லாதபோதுதான் வேலை அதிகம் என்கிறார். பந்து கிடைத்த ஒருவனுக்காக மூன்று பேர் ஓட வேண்டும். இரண்டு பேர் ஓட்டம் வீணாகும். பந்து அவர்களுக்கு வராது. அந்த வீண் ஓட்டம்தான் மூன்றாமவனுக்கு வழி திறக்கிறது.

காலனித் தம்பிகளுக்கு நடவு தெரியும். நாற்று முடியை வரப்பிலிருந்து வீசுகிறவர் தன் கை வலுவைக் காட்டவா வீசுகிறார்? நடுகிற பெண்கள் ஓர் அடிகூட நகராமல் எட்டி எடுக்கிற இடத்தில் விழும்படி வீசுகிறார். அவர் முடியைத் தப்பான இடத்தில் வீசினால் வரிசை முழுவதும் தடைப்படும். நல்ல பாஸ் என்பதும் அதுவே. உங்கள் வழக்கில் "அவன் பாஸ் கொடுக்கவில்லை" என்கிற தம்பியை நான் கேட்கிறேன்: நீ வாங்குகிற இடத்தில் இருந்தாயா? "அவன் இடத்தில் இல்லை" என்கிற தம்பியைக் கேட்கிறேன்: நீ தலையை நிமிர்த்திப் பார்த்தாயா? பதில் எனக்கு வேண்டாம்.

ஆட்டக்காரரை அவர் தேர்ந்தெடுத்த விதமும் கேட்கத் தகுந்தது. 1961-ல் கொண்டுவந்த ரான் யேட்ஸ் மாடறுக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர். அதே வருஷம் வந்த இயன் செயின்ட் ஜான் இரும்பாலைத் தொழிலாளி. 1971-ல் வந்த கெவின் கீகன் ஒரு பித்தளைச் சாமான் தொழிற்சாலையில் எடுபிடி வேலை செய்த பையன். திறமை எல்லாருக்கும் இருக்கும், தோற்கிற நாளில் ஓடுகிற மனம் இருக்கிறதா என்று பார்த்தார்.

அவர்களோடு பேசுவதிலும் சூட்சுமம் உண்டு. கீகன் சொன்ன கதை இது. எதிர்க்குழுவில் பாபி மூர் ஆடுகிறார். இங்கிலாந்து 1966-ல் உலகக் கோப்பையை ஜெயித்தபோது காப்டனாக இருந்தவர். ஆட்டத்துக்கு முன் ஷாங்க்லி கீகனிடம் வந்து, "மூரை இப்போதுதான் பார்த்தேன். கண்ணெல்லாம் வீங்கி இருக்கிறது, ராத்திரி தூங்கவில்லைபோல. இன்றைக்கு அவன் நடக்கவே மாட்டான்" என்கிறார். பையனுக்குத் தைரியம் வந்து நன்றாக ஆடுகிறான், குழுவும் ஜெயிக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அதே ஷாங்க்லி வந்து, "மூர் இன்று எவ்வளவு பிரமாதமாக ஆடினான் பார்த்தாயா? அவனைவிடப் பெரிய ஆட்டக்காரனை நீ சந்திக்கவே போவதில்லை" என்கிறார்!

லிவர்பூல் 1962-ல் முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1964, 1966, 1973 ஆகிய வருஷங்களில் லீக்கை ஜெயித்தது. 1966-ல் ஜெயித்தபோது, 42 ஆட்டத்துக்கும் சேர்த்து 14 பேரைத்தான் பயன்படுத்தினார்கள். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

மைதானத்துக்கு வருகிற ஜனங்களை அவர் மதித்தார். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்து, கூலியில் மிச்சம் பிடித்து டிக்கெட் வாங்குகிறவர்கள் அவர்கள். கடிதம் எழுதினால் தாமே டைப் அடித்துப் பதில் போடுவார். 1973-ல் லீக் ஜெயித்த நாளில் ஒரு ரசிகர் வீசிய கழுத்துத் துணியைப் போலீஸ்காரர் ஒருவர் ஒதுக்கித் தள்ளினார். ஷாங்க்லி அதை எடுத்துத் தம் கழுத்தில் கட்டிக்கொண்டு போலீஸ்காரரைக் கண்டித்தார். அந்தத் துணி ஒருவனுடைய உயிர் என்றார். நான் நம்புகிற சோஷலிசம் அரசியல் அல்ல, வாழுகிற முறை. எல்லாரும் எல்லாருக்காகவும் உழைப்பது, பலனில் எல்லாருக்கும் பங்கு என்றும் சொன்னார். அரசியல் அல்ல என்பதில் எனக்கு வழக்கு உண்டு. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

இதுவரை சொன்னதோடு நான் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் கை தட்டுவீர்கள். ஆனால் அது பாதி உண்மைதான்.

லிவர்பூல் முதன்முதலாக எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தது 1965-ல். குழு தோன்றியது 1892-ல், ஆக 73 வருஷக் காத்திருப்பு. அந்த இறுதி ஆட்டத்தின் ஆரம்ப நிமிடங்களிலேயே ஜெரி பைர்ன் என்ற பின்வரிசை ஆட்டக்காரருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அந்நாளில் பதிலி கிடையாது. நம் மில் பாஷையிலேயே சொல்கிறேன்; ஒருவர் விழுந்தால் அவர் இடத்தில் இறங்க ஆள் கிடையாது. இங்கிலாந்து லீக்கில் பதிலி ஆட்டக்காரர் வந்ததே 1965 ஆகஸ்டில் தொடங்கிய பருவத்தில்தான். பைர்ன் முறிந்த எலும்போடு, கூடுதல் நேரமும் சேர்த்து 120 நிமிடம் ஆடினார். முதல் கோலுக்குப் பந்தைக் கொடுத்ததும் அவரே. எதிர்க்குழு கண்டுபிடிக்காதபடி வலியை மறைத்தார். ஷாங்க்லி அவரைக் கொண்டாடினார். உலகமும் கொண்டாடியது.

ஆனால் காயம்பட்டு ஆட முடியாமல் போனவர்களை? அவர்களோடு ஷாங்க்லி பேசமாட்டார். லிவர்பூலில் ஆடிய பலர் பின்னால் இதைச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று வரை தோளில் கை போட்டுப் பேசியவர், இன்று காலில் கட்டோடு உட்கார்ந்திருப்பவனைப் பார்க்காததுபோலப் போவார். டாமி ஸ்மித் என்ற ஆட்டக்காரர் முட்டியில் கட்டுப் போட்டு வந்தபோது, அவிழ்க்கச் சொன்னாராம். "என் முட்டி" என்று அவர் பேச்செடுத்ததும், "உன் முட்டியா? அது லிவர்பூலின் முட்டி" என்றாராம். சிரிப்புக்குச் சொல்கிற கதை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 14 பேர் 42 ஆட்டம் என்ற எண்ணுக்கு அடியில் எத்தனை முட்டிகள் இருந்தன என்று யோசித்தேன்.

எட்டு வருஷம் உழைத்த செயின்ட் ஜான், ஒரு வெளியூர் ஆட்டத்தில் தாம் ஆடவில்லை என்பதை வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ஷாங்க்லி முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

கல்நெஞ்சக்காரரா அவர்? அப்படி எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று சொல்கிறேன். எனக்கு 22 வயதில் ஒரு மில்லில் பதிலியாக வேலை. கார்டிங் இலாகாவில் எங்களோடு இருந்த ஒருவருக்கு இரண்டு விரல் போயிற்று. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். மேஸ்திரி அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, அது மேஸ்திரி. நாங்கள் என்ன செய்தோம்? டீக்குப் போகும்போது அவரைக் கூப்பிடாமல் போனோம். வெறுப்பில்லை, சண்டையில்லை. அந்தக் கையைப் பார்த்தால் எங்கள் விரல்கள் கூசின. அவரைப் பார்க்காவிட்டால் நமக்கு அது வராது என்று ஒரு பேதமை. கொஞ்ச நாளில் அவர் வருவது நின்றது. எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. முழுநேர ஊழியனாகி இத்தனை வருஷம் கழித்தும், அந்த விசாரிக்காததுதான் எனக்கு உறுத்துகிறது. சுரங்கத்தில் வளர்ந்த ஷாங்க்லிக்கும், அடிபட்டவன் என்றால் சம்பளம் நின்றவன், வீடு நின்றுபோனவன். அதைக் காண அவருக்குப் பயமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். ஆனால் பயந்தவன் செய்தாலும் கல்நெஞ்சன் செய்தாலும், கட்டுப்போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

அதே நிலை அவருக்கும் வந்தது. 1974 ஜூலையில் களைத்துப்போய்த் தாமாகவே பதவி விலகினார். சில நாளில் மனம் கேட்கவில்லை. தினமும் காலையில் பயிற்சி மைதானத்துக்குப் போனார். ஆட்டக்காரர்கள் பழக்கத்தில் அவரையே "பாஸ்" என்று கூப்பிட்டார்கள். புது மானேஜர் பாப் பெய்ஸ்லி பக்கத்தில் நின்றார். வர வேண்டாம் என்று ஜாடையாகத் தெரியப்படுத்தினார்கள். எதிரி ஊர்க் குழுக்கள் கொடுத்த மரியாதையைத் தம் குழு கொடுக்கவில்லை என்று புத்தகத்தில் வருந்துகிறார். ஆட முடியாதவனுக்கு அந்த இடத்தில் இடமில்லை என்ற விதியை உண்டாக்கியவர்களில் அவரும் ஒருவர் அல்லவா? பந்தாட்டம் உயிரையும் சாவையும் விடப் பெரிது என்று அவர் சொன்னதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். சாகிற வருஷம் கொடுத்த பேட்டியில் அதைச் சொல்லிவிட்டு, இதனால் என் குடும்பம் கஷ்டப்பட்டது, நான் அவர்களைக் கவனிக்கவில்லை, வருந்துகிறேன் என்றும் சொன்னார். அதை யாரும் அச்சடிப்பதில்லை.

இப்போது நம் குழு. சிவப்புச் சட்டை, சிவப்பு நிக்கர், சிவப்பு ஸாக்ஸ் வேண்டும் என்று வசூல் செய்திருக்கிறீர்கள். அந்த யோசனையும் ஷாங்க்லியுடையதுதான், தெரியுமோ தெரியாதோ. 1964-ல் யேட்ஸுக்குச் சிவப்பு நிக்கரை மாட்டிப் பார்த்தார். ஆள் மலைபோலத் தெரிந்தான். குழு முழுவதும் சிவப்பானது. நல்ல யோசனை, நான் தடை சொல்லவில்லை.

ஆனால் நம் லெஃப்ட் பாக் தம்பிக்குப் போன ஆட்டத்தில் கணுக்கால் முறிந்து இன்றோடு ஏழு வாரம். தினக் கூலிக்குப் போகிற பையன். ஏழு வாரமாகக் கூலி இல்லை. அவன் அம்மா ஒருத்தி நடவுக்குப் போய்க் குடும்பம் நடக்கிறது. நம் குழுவிலிருந்து அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்தவர்கள் இரண்டே பேர் என்று நேற்று அங்கே போனபோது தெரிந்துகொண்டேன். மில் லைனிலிருந்து ஒருவர்கூட இல்லை. அவன் யாரையும் குறை சொல்லவில்லை. "அண்ணே, அடுத்த ஆட்டம் என்றைக்கு?" என்றுதான் கேட்டான். தேதி எனக்குத் தெரியவில்லை, அதனால் பதில் சொல்லாமல் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் மறுபடி போகிறேன். வருகிறவர்கள் படிப்பக வாசலில் நில்லுங்கள். ஜெர்சிப் பணம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று செயலாளர் இப்போது கணக்கைப் படிக்கட்டும். பணம் உங்களுடையது, தீர்மானமும் உங்களுடையது. அதில் நான் ஓட்டுப் போடப்போவதில்லை.